முட்டி வலிக்கு நீ கேப்பா, கைத்தடியா? அம்மாவின் அனுபவத்தில் ஓர் அலசல்

சேலம் அம்மாபேட்டையில் 30 வருஷம் குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவர் என் அம்மா. இப்போது வலது முட்டியில் தேய்மானம். நீ கேப் (knee cap, முட்டியில் இறுக்கமாக மாட்டும் துணி உறை) ஒன்றும் கைத்தடி ஒன்றும் வாங்கி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டார். எது எதற்கு உதவும் என்று இப்போது என்னால் தெளிவாகச் சொல்ல முடியும்.

முதலில் முட்டி என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். நல்ல முட்டி, குதிகால் தரையில் படும்போது ஏறக்குறைய நேராக இருக்கும். உடம்பின் பாரம் ஏறியதும் 15 முதல் 20 டிகிரி வரை மடங்கி அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். காலைத் தூக்கி முன்னால் வைக்கும்போது சுமார் 60 டிகிரி மடங்கும். தேய்மானம் உள்ளவர்களுக்கு இந்த இரண்டு மடிப்புமே குறைந்துவிடுகிறது. வலிக்குப் பயந்து காலை விறைப்பாக ஊன்றுகிறார்கள், மெதுவாக, சின்னச் சின்ன எட்டாக நடக்கிறார்கள். அம்மாவின் பழைய செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். வலது செருப்பின் நுனி மட்டும் காகிதம் போல் தேய்ந்திருந்தது. முட்டி போதுமான அளவு மடங்காததால் கால் தரையை உரசியபடியே போயிருக்கிறது.

நீ கேப் போட்டதும் அம்மா சொன்னது: "முட்டிய யாரோ புடிச்சிக்கிட்ட மாதிரி இருக்கு கண்ணு." அது உண்மைதான். இதமான சூடு, இறுக்கம், கால் நழுவாது என்கிற தைரியம் எல்லாம் கிடைக்கும். ஆனால் அது துணிக்குழாய். மூட்டில் இறங்கும் பாரத்தை அது பெரிதாகக் குறைக்காது. சேலத்து ஏப்ரல் வெயிலில் வியர்த்து அரிக்கும், உட்கார்ந்தால் முட்டிக்குப் பின்னால் சுருண்டுகொள்ளும். அளவு சின்னதாக இருந்தால் காலில் வீக்கம் வரும். அதனால் டேப்பால் அளந்து வாங்குங்கள்.

கைத்தடிதான் பாரத்தைக் குறைக்கிறது. அதற்கு அதைச் சரியான கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில். அம்மா முதலில் வலது கையில்தான் பிடித்தார். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் பிடிக்கிறார்கள். வலது காலில் நிற்கும்போது உடம்பின் எடை இடப்பக்கம் சாயப் பார்க்கும். அதை இடுப்புத் தசை இழுத்துப் பிடிக்கிறது, அந்த இழுப்பும் சேர்ந்துதான் முட்டியில் இறங்குகிறது. இடது கையில் தடி இருந்தால் அந்த வேலையில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும். வலிக்கிற காலும் தடியும் ஒரே நேரத்தில் முன்னால் போக வேண்டும். உயரமும் முக்கியம்: செருப்புப் போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்புக்கு நேராகக் கைப்பிடி வர வேண்டும்.

"தடி புடிச்சா கெழவின்னு சொல்லுவாங்க" என்று அம்மா மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார். எனக்கு மிகவும் வருத்தமான விஷயம் இது. அந்த மாதங்களில் அவர் கடைவீதிக்குக்கூடப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அப்புறம் ஒருநாள் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு போனோம். ஏரிக்கரையில் சமதளத்தில் நடக்க நீ கேப் போதுமானதாக இருந்தது. அந்தக் குளிரில் முட்டிக்கு இதமாகவும் இருந்தது. சரிவில் இறங்க ஆரம்பித்ததும் நிலைமை மாறியது. இறங்கும்போது முட்டி பாரத்தோடு அதிகமாக மடங்க வேண்டும், முன்தொடைத் தசை பிரேக் போல் பிடிக்க வேண்டும். அங்கே துணியால் ஒன்றும் ஆகவில்லை. தடியை ஊன்றித்தான் இறங்கினார். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். இதை மட்டும் அவர் மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்.

கீல் வைத்த பிரேஸ் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. முட்டியின் உள்பக்கம் தேய்ந்து கால் வளைந்தவர்களுக்கு, பாரத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளிவிடும். மருத்துவர் பார்த்து அளவெடுத்துப் பொருத்த வேண்டியது அது. புடவைக்குள் தடிமனாக இருக்கும் என்று அம்மா வேண்டாம் என்றார்.

என் தீர்ப்பு இதுதான்: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தடி வாங்குங்கள். தொடைத் தசைக்கு வலுவேற்றும் வேலையை இரண்டுமே செய்யாது. அதற்கு நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, சில நொடி நிறுத்தி இறக்கும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். தினமும் சீரியல் பார்க்கும் நேரத்தில் செய்கிறார்.

தடியின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள். ஈரத் தரையில் அது வழுக்கும்.