பிளக்கும் பலகையா, பனிக்காலணியா, ஸ்கீயா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஆல்டா பனிச்சறுக்கு மையத்தில் ஸ்னோபோர்டுக்கு, அதாவது இரு கால்களையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்குவதற்கு, அனுமதி இல்லை. காலுக்கு ஒன்றாக நீண்ட ஸ்கீ மாட்டியவர்கள் மட்டுமே லிஃப்டில் ஏறலாம். இதை எதிர்த்து 2014-இல் சிலர் நீதிமன்றம் போனார்கள். மையம் இயங்குவது பெரும்பாலும் அரசின் வன நிலத்தில்தானே என்று வாதாடிப் பார்த்தார்கள். வழக்கு தள்ளுபடியானது, 2016-இல் மேல்முறையீடும் தோற்றது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. அதே சாலையில் சில கிலோமீட்டர் கீழே வொயிட் பைன் பாதை தொடங்குகிறது. அங்கே லிஃப்டும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது, காலில் என்ன மாட்டியிருக்கிறாய் என்று கேட்க ஆளும் கிடையாது.

ஆனால் எதை மாட்டிக்கொண்டு ஏறுவது? ஸ்னோபோர்டில் பக்கவாட்டாக நின்று இறங்கிப் பழகியவனுக்கு மூன்று வழிகள் உண்டு. பலகையை முதுகில் கட்டிக்கொண்டு, பனியில் கால் புதையாமலிருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் அகன்ற பனிக்காலணியில் நடக்கலாம். நெடுக இரண்டாகப் பிளந்து ஸ்கீ போல மாட்டிக்கொள்ளும் ஸ்ப்ளிட்போர்டை வாங்கலாம். அல்லது பலகையையே தலைமுழுகிவிட்டு ஸ்கீ கற்றுக்கொள்ளலாம். ஆல்டா இருக்கும் இந்த வாசாட்ச் மலைத்தொடரில் மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றாவதை அரைகுறையாக.

முதலில் வாங்கியது பனிக்காலணிதான். காரணம் பணம். இருக்கிற ஸ்னோபோர்டு இருக்கிறபடி இருக்கட்டும், இருநூறு டாலருக்குள் ஒரு ஜோடி பனிக்காலணி, இரண்டு ஊன்றுகோல், வேலை முடிந்தது. கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை, நடக்கத் தெரிந்தால் போதும். உச்சிக்குப் போனதும் காலணியைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு, பலகையை மாட்டினால் இரண்டே நிமிடத்தில் இறங்கலாம். நடுவில் வெட்டில்லாத முழுப்பலகை என்பதால் இறக்கத்தின் சுகத்தில் ஒரு குறையும் இல்லை.

ஏற்றத்தில்தான் வினை. ஸ்கீக்காரன் காலைத் தூக்குவதில்லை, வழுக்கி முன்னே தள்ளுகிறான். பனிக்காலணிக்காரன் ஒவ்வோர் அடிக்கும் காலைத் தூக்கி வைக்க வேண்டும். புதுப்பனியில் அந்தக் கால் முழங்கால்வரை இறங்கும். முதுகில் மூன்று கிலோ பலகை தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். மலைமுகட்டில் காற்றடித்தால் அது பாய்மரம். ஆஸ்பென் தோப்புக்குள் நுழைந்தால் ஒவ்வொரு கிளையிலும் மாட்டி, மேலே தேங்கியிருந்த பனியைக் கழுத்துக்குள் கொட்டும்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. முன்னால் போனவர்கள் ஸ்கீயால் அழுத்தி வைத்த தடம் மலையில் பொதுச்சொத்து மாதிரி. விடியுமுன் யாரோ இரண்டு மணி நேரம் வியர்த்து அதைப் போட்டிருப்பார்கள். அதன்மேல் பனிக்காலணியோடு நடந்தால் சமமான தடம் குழி குழியாகிவிடும். இரவில் அந்தக் குழிகள் உறைந்து, மறுநாள் வருகிறவனின் ஸ்கீ தடுமாறும். எனக்கு இது தெரியாது. பிக் காட்டன்வுட் பள்ளத்தாக்கின் மில் டி நார்த் பாதையில் தடத்தின் நட்டநடுவில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த முதியவர் ஒருவர் திட்டவில்லை. நின்று, தன் ஊன்றுகோலால் நான் போட்ட குழி ஒன்றைச் சுட்டிக்காட்டி, பிறகு தடத்துக்கு இரண்டு அடி தள்ளிப் பனியில் ஒரு கோடு கிழித்துக் காட்டினார். அந்தக் கோட்டில்தான் அன்று முழுக்க நடந்தேன், தொடை நோக.

பனிக்காலணி ஒரேயோர் இடத்தில் மற்ற இரண்டையும் தோற்கடிக்கும்: செங்குத்தான, இறுகிய, குறுகிய ஓடைச் சரிவு. அங்கே ஸ்கீயில் வளைந்து வளைந்து ஏற இடம் போதாது. அடியில் பல் வைத்த காலணியோடு நேராக ஏறிவிடலாம்.

ஸ்ப்ளிட்போர்டு இந்த மலையின் பிள்ளை என்றே சொல்லலாம். சுவிட்சர்லாந்திலும் பலகையைப் பிளந்து பார்த்தவர்கள் உண்டு. ஆனால் 1990-களின் தொடக்கத்தில் இங்கே பிரெட் கோபர்னிக் என்பவர் ஒரு ஸ்னோபோர்டை நெடுக அறுத்து, சால்ட் லேக் சிட்டியில் வொய்லே நிறுவனத்தை நடத்திய மார்க் வாரியகோயிஸிடம் கொண்டுபோனார். 1994-இல் வொய்லே விற்கத் தொடங்கியது முழுப்பலகை அல்ல, ஒரு பெட்டி. உங்கள் பலகையை நீங்களே ரம்பத்தால் அறுத்து, உள்ளே இருக்கும் கொக்கிகளையும் தகடுகளையும் திருகிக்கொள்ள வேண்டியது. நல்ல பலகையை ரம்பத்தின் கீழ் வைக்க எத்தனை பேருக்கு மனம் வந்திருக்கும் என்று இன்றும் யோசிப்பதுண்டு. கோபர்னிக் பின்னாளில், மலைப்பனி பெயர்ந்து சரியும் ஆபத்தைக் கணித்துச் சொல்லும் யூட்டா பனிச்சரிவு மையத்தில் முன்னறிவிப்பாளரானார். மலைக்குப் போக வழி செய்தவரே, இன்று போகலாமா என்று சொல்லும் வேலைக்கும் வந்தார்.

அமைப்பு எளிது, அழகும்கூட. இரண்டு பாதிகளிலும் அரை அரையாகப் பிளாஸ்டிக் வட்டுகள் திருகப்பட்டிருக்கும். பாதிகளைச் சேர்த்தால் அவை முழு வட்டாகும். காலைப் பிடிக்கும் பைண்டிங்கை அந்த வட்டுகளின்மேல் பக்கவாட்டில் சறுக்கி ஏற்றினால் அதுவே தாழ்ப்பாளாகிப் பலகையை ஒன்றாகப் பூட்டிவிடும். ஏறும்போது பைண்டிங்கின் முன்முனை மட்டும் ஒரு கீலில் நிற்கும், குதிகால் விடுபட்டிருக்கும். அடியில் ஒட்டும் தோல், பெயருக்குத்தான் தோல். ஒரு காலத்தில் சீல் தோல். இப்போது நைலான் அல்லது அங்கோரா ஆட்டு ரோமம். ரோமம் ஒரே திசையில் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும்.

இந்த அழகெல்லாம் வீட்டுக்கூடத்தில். முகட்டில், மைனஸ் பதினைந்து டிகிரியில், கதை வேறு. இரண்டு பாதிகளையும் கழற்ற வேண்டும். காற்று பிடுங்கிக்கொண்டு போகாமல் தோல்களை உரித்து, பசைப்பக்கத்தைப் பசைப்பக்கத்தோடு ஒட்டி மடித்து, பசை உறையாமலிருக்க மேல்சட்டைக்குள் செருக வேண்டும். பைண்டிங்குகளை ஏற்ற நிலையிலிருந்து எடுக்க வேண்டும். இரு பாதிகளின் விளிம்பில் ஒட்டிய பனியைத் துடைத்துவிட்டுச் சேர்த்து, கொக்கி போட்டு, நுனியிலும் வாலிலும் கவ்விகளை மாட்டி, பிறகு பைண்டிங்கை வட்டில் ஏற்ற வேண்டும். அது ஏறாது. வட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் நகத்தளவு பனிக்கட்டி உறைந்திருக்கும். கையுறையோடு சுரண்டினால் வராது. கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும். என் பணப்பையில் காலாவதியான வங்கி அட்டை ஒன்று இருக்கிறது. அதற்கு இப்போது அந்தக் கட்டியைக் கீறி எடுப்பது ஒன்றுதான் உத்தியோகம்.

முதல் பருவத்தில் இந்தக் கூடுவிட்டுக் கூடுபாயும் வித்தைக்கு எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. இப்போது ஐந்து. பக்கத்தில் நிற்கும் ஸ்கீக்காரன் ஸ்கீயைக் கழற்றாமலே தோலை உரித்து, குதிகாலை அழுத்திப் பூட்டி, ஒன்றரை நிமிடத்தில் தேநீர்க் குடுவையைத் திறந்துவிடுவான். அந்த வித்தையின் மூலம் ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்தெல் 1980-களில் கண்டுபிடித்த ஊசி பைண்டிங். பூட்ஸின் முன்பக்கத்தை இருபுறமும் இரண்டு ஊசிகள் கவ்வுகின்றன, அவ்வளவே. காலைத் தூக்கும்போது உடன்வரும் எடையும் குறைவு.

ஏற்றமும் இறக்கமுமாக அலைந்துகொண்டே போகும் பாதைகளில் ஸ்ப்ளிட்போர்டுக்காரன் நிஜமாகவே இரண்டுங்கெட்டான். நடுவில் முப்பது மீட்டர் சின்ன இறக்கம் வந்தால் பலகையாக மாற்றுவது வீண்; அப்படியே இரண்டு ஸ்கீயாக வழுக்கியாக வேண்டும். குதிகால் விடுபட்டிருக்கும், பூட்ஸ் மென்மையானது, கீழே விழாமல் போனவர்களை எண்ண ஒரு கை போதும். சமதளத்தில் ஸ்கீக்காரன் தள்ளிக்கொண்டே போவான். பலகையில் நிற்பவன் வேகம் தீர்ந்ததும் கம்பம்போல நின்றுவிடுவான். இறுகிய பனியில் சரிவைக் குறுக்காகக் கடக்கும்போதும் அப்படித்தான். மென்பூட்ஸ் கணுக்காலில் வளைந்துகொடுக்கும், விளிம்பு பிடிக்காது. இரும்புப் பல் மாட்டிக்கொண்டு பிழைக்கலாம்.

ஆகவே பாதையின் வடிவம்தான் பாதி தீர்ப்பு. பிரான்ஸின் ஷாமொனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஸெர்மட் போகும் ஹாட் ரூட் போல, பனியாறுகளையும் கணவாய்களையும் நாட்கணக்கில் கடக்கும் பயணமா? ஸ்கீயைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன். வாசாட்ச் அப்படியல்ல. மூன்று மணி நேரம் ஏறு, உச்சியில் ஒரே ஒரு முறை மாற்று, ஒரே மூச்சில் இறங்கு. ஸ்ப்ளிட்போர்டுக்கென்றே அளவெடுத்த மலை. காஷ்மீரின் குல்மார்க் இன்னொரு வகை. அங்கே கம்பிவடத்தில் ஓடும் கொண்டோலாவே சுமார் 3,980 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. அங்கிருந்து முகட்டோரம் கொஞ்ச தூரம் நடக்க மட்டுமே என்றால் பனிக்காலணியே போதும், பிளந்த பலகைக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

இறக்கம்? இங்கே என் பாரபட்சத்தை ஒப்புக்கொள்கிறேன். முழங்கால் ஆழப் புதுப்பனியில் பலகை மிதக்கும் விதத்தை ஸ்கீயில் நான் உணர்ந்ததில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க மையங்களில் ஸ்கீ பயின்றேன். பலகையில் பத்து ஆண்டு பழகிய உடம்பு ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கவாட்டாகத் திரும்பப் பார்த்தது. மார்ச்சில் விட்டுவிட்டேன். சின்ன வயதில் ஸ்கீ பழகி, பிறகு பலகைக்கு வந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் தாராளமாகத் திரும்பிப் போகலாம்.

பாதுகாப்பை ஒப்பிட்டால் பலகைக்கு ஒரு குறை உண்டு, கடையில் யாரும் அதைச் சொல்வதில்லை. பனிச்சரிவில் சிக்கினால் ஸ்கீ காலிலிருந்து கழன்றுகொள்ள வாய்ப்பிருக்கிறது. ஸ்னோபோர்டு பைண்டிங் கழலாது. பலகை நங்கூரம்போலக் காலைக் கீழே இழுக்கும். பனிக்காலணிக்காரனின் ஆபத்து மந்தகதி. அபாயமான சரிவின் அடியில் அவன் கழிக்கும் நிமிடங்கள் அதிகம். மற்றபடி 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுக்குக் காலில் என்ன இருக்கிறது என்ற பேதம் தெரியாது. 2013 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் லவ்லேண்ட் கணவாய் அருகே ஷீப் க்ரீக்கில் ஆறு பேர் பனிச்சரிவில் சிக்கினார்கள், ஐவர் இறந்தார்கள். அவர்கள் வந்திருந்தது மலைப்பாதுகாப்பை வலியுறுத்தும் ஒரு கூடுகையின் பகுதியாக. கருவிகளும் இருந்தன, பயிற்சியும் இருந்தது. ஆகவே புதைந்தவரைக் கண்டுபிடிக்க 457 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் தேடல் கருவி, துழாவும் கோல், மண்வாரி மூன்றும் எந்தத் தெரிவுக்கும் பொதுச்செலவு. பயிற்சி வகுப்பும் அப்படியே. காலை 7.30-க்குள் வெளியாகும் பனிச்சரிவு முன்னறிவிப்பு மட்டும்தான் இலவசம்.

துணை யார் என்பதும் கணக்கில் சேரும். நான்கு ஸ்கீக்காரர்களோடு ஒற்றை ஸ்ப்ளிட்போர்டுக்காரனாகப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் நான்கு பேர் குளிரில் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பலகைக்காரர்கள் தனியே கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அமெரிக்க மலையூர்கள் சிலவற்றில் ஸ்ப்ளிட்ஃபெஸ்ட் என்ற பெயரில் கூடுவார்கள். ஆணி கழன்றால் ஆணி, பட்டை அறுந்தால் பட்டை, அடுத்தவன் பையில் இருக்கும். ஸ்கீக்காரர்களிடம் கேட்டால் உங்கள் ஆணியின் அளவே தெரியாது.

பணக்கணக்கு: பலகை, பைண்டிங், தோல் சேர்ந்து எனக்கு ஆயிரத்து ஐந்நூறு டாலரைத் தாண்டியது. பூட்ஸ் பழையதே போதுமானதாக இருந்தது. ஸ்கீக்குப் போனால் பூட்ஸும் புதிது, செலவு அதற்கு மேல். பருவத்தில் நான்கைந்து முறைக்கு மேல் போவேன் என்று உறுதியாகத் தெரிந்தால் ஸ்ப்ளிட்போர்டு வாங்குங்கள். தெரியாவிட்டால் பனிக்காலணியில் ஒரு குளிர்காலம், தடத்துக்கு இரண்டு அடி தள்ளி.

என் பழைய பனிக்காலணிகள் சும்மா கிடக்கவில்லை. கேட்பவர்களுக்கு இரவல் கொடுக்கிறேன். இதுவரை மூன்று பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள். ஒருவர் இரண்டாம் வாரமே ஸ்ப்ளிட்போர்டு விலை விசாரித்தார். இன்னொருவர் ஸ்கீ வகுப்பில் சேர்ந்தார். மூன்றாமவர் இன்னும் திருப்பித் தரவில்லை.