பீம்பேட்கா: பாறைக்கு அஞ்சு ஸ்டார், கைடுக்கு ரெண்டு

பீம்பேட்கான்னா ரொம்ப பழங்காலத்து ஓவியங்கள் இருக்கிற பாறைக் குகைகள், போபால்ல இருந்து 45 கிலோமீட்டர்தான், டாக்ஸில ஒரு மணி நேரம். டிக்கெட் எடுக்கும்போதே ஒரு கைடு வந்து ஒட்டிக்கிட்டார், சரி இவ்ளோ தூரம் வந்துட்டோம், விவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூட இருந்தா நல்லதுதானேன்னு நானும் ரேட் பேசிட்டேன்.

மனுஷன் தங்கம். வெயில்ல எங்க பையை எல்லாம் அவரே தூக்கிட்டு வந்தார். ஆனா அவருக்கு தெரியாததுன்னு ஒண்ணு கூட இல்லங்க, அதான் பிரச்சினையே! கை கோத்து வரிசையா ஆடுறாங்களா, அது கல்யாணம். பாறையில ஒரு கை அச்சு இருக்கா, அது ராஜாவோட கையெழுத்து. எழுத்தே இல்லாத காலத்துல கையெழுத்தாம்! என் பையனுக்கு எட்டு வயசு, தொடாம தள்ளி நின்னு கையை விரிச்சு அளவு பார்த்தான், கிட்டத்தட்ட அவன் கை சைஸ்தான். ராஜா ரெண்டாவது படிச்சிருப்பார் போல.

ஆடிட்டோரியம்னு சொல்ற பெரிய குகைக்குள்ள ஒரு பாறையில சின்னச் சின்னதா வட்டக் குழி கொத்தி வச்சிருக்காங்க, அந்த ஓவியங்களை விட ரொம்ப பழசுன்னு சொல்றாங்க. கைடு அசால்ட்டா "மருந்து அரைச்ச இடம்"னுட்டார். குழி இருக்கிறதோ செங்குத்தா நிக்கிற பக்கத்துல. "அப்பா, செவுத்துல அரைச்சா கீழ கொட்டிடாதா?"ன்னு பையன் கேட்டான், கைடு அடுத்த பாறைக்கு கிளம்பிட்டார்.

ஜூ ராக்னு ஒண்ணு இருக்கு, அத மட்டும் அவசரப்படாம பாருங்க. மிருகத்து மேல மிருகம், ஒருத்தன் வரைஞ்சதுக்கு மேலயே இன்னொருத்தன் வரைஞ்சிருக்கான். எந்தக் கோடு எதுக்கு மேல ஓடுதுன்னு கவனிச்சாலே எது முந்தினது எது பிந்தினதுன்னு ஓரளவு பிடிபடும். குதிரை மேல ஆளுங்க போற படமெல்லாம் ரொம்ப பின்னாடி வந்தது, நம்மாளு எல்லாத்தையும் சேர்த்து ஒரே சண்டைன்னு கதை கட்டிட்டார்.

கொம்பு வச்ச பெரிய பன்னி ஒண்ணு ஒரு குட்டி ஆளை துரத்துற படமும் இருக்கு. வராக அவதாரமாம். சாமியா, கெட்ட கனவா, இல்ல ராத்திரி பிள்ளைங்கள பயமுறுத்த சொன்ன கதையா, வரைஞ்சவன எழுப்பியா கேட்க முடியும்.

நியாயமா பார்த்தா அவரை மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. அதே ஆடிட்டோரியம் பாறையில தெரிஞ்ச ஒரு தடத்தை 2021ல ஆராய்ச்சியாளர்களே சுமார் 55 கோடி வருஷத்துக்கு முந்தின டிக்கின்சோனியாங்கிற உயிரினத்தோட பாசில்னு எழுதினாங்க, 2023ல பார்த்தா அது மலைத்தேனீ கூடு ஒட்டியிருந்த அடையாளம். முதல்ல சொன்னவங்களும் ஒத்துக்கிட்டாங்க.

1957ல ரயில்ல போகும்போது ஜன்னல் வழியா இந்தப் பாறைகளை பார்த்துட்டு தேடி வந்தவர் தொல்லியல் ஆய்வாளர் வாகங்கர், 2003ல யுனெஸ்கோ லிஸ்ட்டுக்கும் வந்தாச்சு. மொத்தம் 700 பாறைக் குகைக்கு மேல இருக்கு, நமக்கு திறந்து விட்டிருக்கிறது ஒரு 15தான், பொறுமையா சுத்தினா ரெண்டு மணி நேரம் ஆகும். காலையில சீக்கிரம் போங்க, தண்ணி சாப்பாடு கையில வச்சுக்கங்க. கைடு வேணுமான்னு கேட்டா, வழி காட்ட மட்டும் வச்சுக்கலாம், அர்த்தம் சொல்ல ஆரம்பிச்சா பையை கொடுத்து முன்னாடி நடக்க விட்டுடுங்க.