கராஜ் கதவுக்கு வெப்பத் தடுப்பு: பீனிக்ஸ் பக்கம் இருப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

அரிசோனாவில், பீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் இருக்கிறோம். எங்கள் கராஜ் கதவு மேற்குப் பார்த்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும், மிச்சம் புரிந்துவிடும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 2023 கோடையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. நம் கணக்கில் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல்; இனி சொல்வதெல்லாம் செல்சியஸ்தான். மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்த வெயில் மொத்தமும் எங்கள் ஒற்றைத் தகட்டுக் கதவின் மேல்தான் விழும். கராஜில் மாவு அரைத்து வைத்தால் மூன்று மணி நேரத்தில் பொங்கி வழிந்துவிடும்.

போன வருடம் மே மாதம் அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து வந்தார்கள். கராஜுக்கு நேர் மேலே இருக்கும் அறைதான் அவர்களுக்கு. இரண்டாவது நாளே அம்மா, "கண்ணு, தரையில கால் வைக்க முடியல, அடியில அடுப்பு எரியுதா?" என்று கேட்டார்கள். அவசரத்தில் ஆள் தேடினேன். அலுவலகத்தில் ஒருவர் ஒரு ஹேண்டிமேன், அதாவது வீட்டில் சில்லறை வேலைகள் செய்து கொடுப்பவர், நம்பர் கொடுத்தார். அங்கே ஆரம்பித்தது.

அந்த ஆள் வந்து செய்து காட்டிய வித்தையை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில்தான் நான் விழுந்தேன். மாலை ஐந்து மணி. கையில் துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி. வெறும் தகட்டின் உள்பக்கம் காட்டினார், 61 டிகிரி. பிறகு பளபளவென்று வெள்ளிக் காகிதம் ஒட்டிய குமிழ் ஷீட் ஒன்றைப் பக்கத்துப் பலகத்தில் டேப் போட்டு ஒட்டினார். ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு அதன்மேல் காட்டினார், 43. "பார்த்தீர்களா, 18 டிகிரி!" ஷீட்டின் ஆர் வேல்யூ (வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு, கூடினால் நல்லது) 16 என்றார். நானும் தலையாட்டினேன்.

பிறகு நானும் அதே மாதிரி வெப்பமானி ஒன்று வாங்கினேன். புது எவர்சில்வர் டம்ளரில் சுடச்சுடக் காபி ஊற்றி வெளிப்பக்கம் காட்டிப் பாருங்கள். விரல் வைக்க முடியாது, ஆனால் வெப்பமானி 30, 35 என்று காட்டும். பளபளப்பான பரப்பு தன் வெப்பத்தைக் கதிராக வெளியே விடுவது மிகக் குறைவு. வெப்பமானிக்குத் தெரிவதில் பெரும்பகுதி எதிர்ச் சுவரின் பிரதிபலிப்பு. டம்ளர்மேல் ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அந்த டேப்பின்மேல் காட்டினால் உண்மை வெளியே வரும். அன்று அந்த ஆள் எனக்குக் காட்டியது கதவின் வெப்பமில்லை, கராஜின் வெப்பம்.

வெள்ளிக் காகிதமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அதன் முன்னால் இரண்டு சென்டிமீட்டராவது காற்று இடைவெளி இருந்தால் அது வேலை செய்யும். இந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? ஷீட்டைத் தகட்டோடு ஒட்டி, "பார்க்க நீட்டாக இருக்கும்" என்று அதன்மேல் 5 மில்லிமீட்டர் பிளைவுட்டை அழுத்தி அடித்துவிட்டார். இடைவெளியே இல்லை. அப்படி நசுங்கிய குமிழ் ஷீட்டின் ஆர் வேல்யூ ஒன்றை ஒட்டித்தான் வரும். 16 வேண்டுமென்றால் வெள்ளைத் தெர்மாகோல் கிட்டத்தட்ட நான்கு அங்குலம் வேண்டும், பாலிஐசோ என்ற கெட்டி நுரைப் போர்டு என்றாலும் இரண்டரை அங்குலத்துக்கு மேல். விரல் கனம்கூட இல்லாத ஷீட்டுக்கு யாராவது 16 சொன்னால், தயாரிப்பாளர் அச்சிட்ட விவரத் தாளைக் கேளுங்கள். வீட்டு இன்சுலேஷன் விற்பவர்கள் ஆர் வேல்யூவைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் ஏமாறாமல் பார்த்துக்கொள்ளும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதியே இருக்கிறது. அந்தத் தாளை நான் கேட்கவில்லை.

பணம் 1,450 டாலர். அதை 800, 650 என்று இரண்டு பில்லாகக் கொடுத்தார். ஒன்றில் "இன்சுலேஷன்", இன்னொன்றில் "கதவு அலங்கார வேலை". "உங்களுக்கு ஒரே நேரத்தில் சுமை வேண்டாமே" என்றார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். விஷயம் வேறு. அரிசோனாவில் கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலருக்குக் குறைவான சின்ன வேலைக்குத்தான் லைசென்ஸ் இல்லாத ஹேண்டிமேன் வரலாம். ஒரே வேலையை உடைத்துப் பல பில்லாகப் போட்டு அந்த வரம்புக்குள் ஒளிவது சட்டப்படி செல்லாது. உங்களிடமும் யாராவது பில்லைப் பிரித்து நீட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சரி, பணம் போனது ஒரு பக்கம். எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குவது வேறொன்று.

ஜூலையில் ஒரு நாள் கதவு மேலே போகும்போது மோட்டார் முனகியது. அப்பா திருச்சியில் பட்டறை வைத்திருந்தவர், ரோலிங் ஷட்டர் செய்வார். நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கதவுக்கு மேலே இருக்கும் சுருள் ஸ்பிரிங் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏண்டா, இவ்வளவு பலகை ஏத்தியிருக்கானே, ஸ்பிரிங் மாத்தினானா?"

"இல்லப்பா, மோட்டார்தானே தூக்குது."

"மோட்டாரா தூக்குது? நீ இஞ்சினியருக்குப் படிச்சியா, இல்லையா?"

கதவின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான், மோட்டார் சும்மா வழிகாட்டுகிறது. கதவு எத்தனை கிலோவோ அதற்கேற்ற ஸ்பிரிங் போட வேண்டும். எங்களுடையது 16 அடிக்கு 7 அடிக் கதவு. பிளைவுட் மட்டுமே 25 கிலோ ஏறியிருக்கிறது. அப்பா கதவை முழுக்க மூடச் சொல்லிவிட்டு, மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவை விடுவிக்கச் சொன்னார். (மூடிய பிறகுதான் இழுக்க வேண்டும். திறந்திருக்கும்போது இழுத்தால் கனமான கதவு தலையில் விழும்.) சரியாகச் சமன் செய்த கதவை ஒரு கையால் தூக்கலாம், பாதியில் விட்டால் அப்படியே நிற்கும். நாங்கள் இரண்டு பேரும் மூச்சுப் பிடித்து இடுப்பு வரை தூக்கினோம். பிடியைக் கொஞ்சம் தளர்த்தியதும் கீழே இழுத்துக்கொண்டு போனது.

அப்படியென்றால் மோட்டார் எப்படி இரண்டு மாதம் தூக்கியது? ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். எங்களுடையது பழைய மாடல், பின்பக்கம் விசையைக் கூட்டிக் குறைக்க இரண்டு சின்னத் திருகுகள் உண்டு. இரண்டும் கடைசி வரை திருகி வைக்கப்பட்டிருந்தன. கதவு ஏற மாட்டேன் என்றதும் அந்த ஆள் செய்த "சரிசெய்தல்" அதுதான். அந்த விசை அதிகமானால், இறங்கும் கதவு எதன்மேலாவது முட்டினால் திரும்பி ஏற வேண்டும் என்ற பாதுகாப்பு செத்துவிடும். தரையோரம் இருக்கும் மின்கண் அந்த உயரத்தில் குறுக்கே வருவதை மட்டும்தான் பார்க்கும்.

கதவை மறுபடி மோட்டாரோடு மாட்டிவிட்டு, ஒன்றரை அங்குலக் கனமுள்ள டூ-பை-ஃபோர் கட்டை ஒன்றைக் கதவுக்கு நடுவே தரையில் படுக்க வைத்தோம். ஒழுங்கான கதவு அதைத் தொட்டதும் திரும்பி ஏறிவிட வேண்டும். எங்கள் கதவு கட்டையை அழுத்திக்கொண்டே நின்றது, மோட்டார் உறுமியது. என் சின்னவளுக்கு நான்கு வயது. கதவு இறங்கும்போது குனிந்து ஓடி வருவது அவளுக்கு ஒரு விளையாட்டு. அன்றிலிருந்து ஒரு வாரம் மோட்டார் பிளக்கையே பிடுங்கி வைத்தோம்.

அந்த ஆளுக்கு ஃபோன் அடித்தேன். முதல் நாள், "ஸ்பிரிங் என் வேலையில்லை." அடுத்த நாளிலிருந்து ஃபோன் எடுக்கவில்லை. கான்ட்ராக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அரிசோனா அரசின் ரெஜிஸ்ட்ரார் ஆஃப் கான்ட்ராக்டர்ஸ் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். லைசென்ஸ் உள்ளவர் செய்த வேலை கெட்டால் வீட்டுக்காரருக்கு ஈடுகொடுக்க அவர்களிடம் ஒரு நிதி இருக்கிறது, லைசென்ஸ் இல்லாதவரிடம் ஏமாந்தால் அதில் ஒரு காசு வராது. அவர்கள் தளத்தில் பெயரைப் போட்டுத் தேட ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை நான் மே மாதம் செலவழித்திருக்கலாம்.

பிறகு லைசென்ஸ் உள்ள கதவுக் கம்பெனி வந்தது. பிளைவுட்டைக் கழற்றி, கதவுக்கென்றே செய்த தெர்மாகோல் பலகங்களைச் செருகி, கதவை எடை போட்டு, அதற்கேற்ப ஸ்பிரிங் மாற்றினார்கள். ஸ்பிரிங்கில் மட்டும் நீங்கள் கை வைத்துவிடாதீர்கள், முறுக்கேறிய ஸ்பிரிங் நழுவினால் கையை முறித்துவிடும். கீழேயும் பக்கவாட்டிலும் ரப்பர் சீல் புதிதாகப் போட்டார்கள். மாலையில் 46 காட்டிய கராஜ் இப்போது 40. மேலறைத் தரையின் சூடு அப்போதும் முழுதாகக் குறையவில்லை. வந்தவர் கராஜ் கூரையில் ஒரு ஓட்டை போட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் இன்சுலேஷனே இல்லை. முதலில் செய்திருக்க வேண்டிய வேலை அதுதான். அதையும் செய்த பிறகுதான் அம்மா செருப்பில்லாமல் நடந்தார்கள்.

புகார் அலுவலகத்திலிருந்து போன வாரம் இரண்டு பில்லின் நகலும் கேட்டுக் கடிதம் வந்தது, அனுப்பியிருக்கிறேன். கழற்றிய பிளைவுட்டை வீணாக்க மனமில்லாமல் அப்பா ஊருக்குக் கிளம்பும் முன் அதில் ஒரு செருப்பு ஸ்டாண்ட் அடித்து வைத்துவிட்டுப் போனார்.