பழைய காருக்கு சஸ்பென்ஷன் வேலை: எதில் காசை இறக்கலாம், எதில் இறுக்கிப் பிடிக்கலாம்

பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஓடிய ஸ்விஃப்ட், வேகன்ஆர், ஆல்டோ, சான்ட்ரோ எல்லாம் நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் இன்னும் நிறையவே ஓடுகின்றன. எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஊருக்குள் ஒரு வேகத்தடை ஏறி இறங்கினால் முன்பக்கம் டொக்கு டொக்கென்று சத்தம், பின்பக்கம் நிற்காத ஆட்டம். சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவில் குலுக்கலைத் தாங்கும் அமைப்பு, போய்விட்டது என்று வாயைத் திறந்தால் போதும், ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். கம்பெனி சர்வீஸில் விட்டுவிடு என்பார் ஒருவர், நல்ல பிராண்டு பார்ட்ஸ் வாங்கி நம்ம மெக்கானிக்கிடம் கொடு என்பார் இன்னொருவர், லோக்கல் பார்ட்ஸே இந்த வண்டிக்குப் போதும் என்று ஒரு மாமா சொல்வார், ஷாக்கை ரீகண்டிஷன் பண்ணிக்கலாம் என்று ஒருத்தர், பெங்களூரு போனால் காயலான் கடையில் பாதிக்குப் பாதி விலை என்று ஒருத்தர்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய காருக்கு இரண்டாவது வழிதான் சரி, அதாவது பிராண்டு பார்ட்ஸும் பழகிய மெக்கானிக்கும். ஆனால் பில் தொகையைக் குறைப்பது எந்த டப்பாவை வாங்குகிறோம் என்பதைவிட, எது தேய்ந்திருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடிப்பதுதான். அதை விட்டுவிட்டு விலையை மட்டும் பேசினால் மலிவுப் பார்ட்ஸ் வாங்கியும் பணம் போகும், சத்தமும் போகாது.

முதலில் அந்தக் கண்டுபிடிக்கிற வேலை. சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது டக்டக்கென்று அடித்தால் முதல் சந்தேகம் லிங்க் ராடு மேல்தான் வர வேண்டும், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கிற குட்டி ராடு. சில நூறு ரூபாய்ச் சாமான் அது, இரண்டு நட்டில் கழன்று வரும். அதைக் கழற்றி வைத்துவிட்டு அதே தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போது மேலே, பானெட்டுக்கு அடியில் கடக்கென்று ஸ்பிரிங் உதறினால் ஸ்ட்ரட் மவுண்ட்டும் அதற்குள் இருக்கும் பேரிங்கும் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்ததுதான் ஸ்ட்ரட், அதை மேலே பாடியோடு பிடிப்பது மவுண்ட்). பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்து, கீழே தட்டென்று ஒரு அடி விழுந்தால் லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைக் கீழே பாடியோடு இணைக்கும் கையில் இருக்கிற ரப்பர் உருளை. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் போனால் பெரும்பாலும் சத்தத்தைவிட ஆட்டம்தான் முதலில் தெரியும்: வண்டியின் மூலையை அழுத்தி விட்டால் ஒரு தடவை எழும்பி நிற்க வேண்டியது இரண்டு மூன்று தடவை ஆடும், ராடைச் சுற்றி எண்ணெய் கசிந்து அதில் ரோட்டுத் தூசி அப்பிக் கறுப்பாகப் படிந்திருக்கும், டயர் மேல் கையை வைத்துத் தடவினால் இடைவெளி விட்டு விட்டுக் குழி தட்டும்.

நல்ல மெக்கானிக் இதை எப்படிப் பார்க்கிறார் என்று ஒருமுறை கூடவே நின்று கவனியுங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, லோயர் ஆர்முக்கும், சக்கரம் மாட்டியிருக்கும் இரும்பான நக்கிளுக்கும் நடுவில் ஒரு நீளமான லீவரைச் செருகி மெல்ல நெம்புவார். இரண்டையும் இணைக்கும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு சின்ன லூஸ் ஆட்டம் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாவிட்டாலும் கையை வைத்தால் டிக் என்று உணரலாம். அப்புறம் லீவரைப் புஷ் பக்கம் கொண்டுபோய் நெம்பினால் ரப்பர் வெடித்து வாயைப் பிளப்பது தெரியும். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், முன்பக்க செட்டு மொத்தமும் மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு தருமபுரியில் ஒரு பட்டறைக்குப் போனார். அங்கே இருந்த பையன் இப்படி நெம்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஷாக் நல்லாத்தான் இருக்குதுங்க, ரெண்டு பக்கமும் லிங்க் ராடும் ஆர்ம் புஷ்ஷும்தான் போயிருக்குது" என்றான். வேலை அதோடு முடிந்தது.

இப்போது வழிகளுக்கு வருவோம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கிடைக்கிற பெரிய நன்மை சரியான பார்ட் நம்பர். உங்கள் சேசிஸ் நம்பரைப் போட்டு எடுப்பார்கள், தப்பு வராது. பழைய மாடல்களில் பெட்ரோல் வண்டிக்கும் டீசல் வண்டிக்கும் ஸ்பிரிங்கும் ஸ்ட்ரட்டும் பெரும்பாலும் வேறு, டீசல் எஞ்சின் கனம் அதிகம், அதனால் இந்தச் சரிபார்ப்பு நிஜமாகவே உதவும். குறை என்னவென்றால் அங்கே எதையும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். புஷ் போனாலும் ஆர்மையே மாற்றுவார்கள், மவுண்ட் போனாலும் ஸ்ட்ரட்டோடு சேர்த்து எஸ்டிமேட் வரும், கூலியும் அதிகம். ஐந்து வருஷ வண்டி என்றால் நானும் அங்கேயே போகச் சொல்வேன். பதினைந்து வருஷம் முடிந்து ஆர்டிஓவில் ஐந்து வருஷத்துக்கு ஆர்சி புதுப்பித்து ஓடுகிற வண்டிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஒன்று செய்யலாம். கம்பெனி பார்ட்ஸைக் கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டர் கவுண்டரிலேயே தனியாக வாங்க முடியும், மாருதியின் ஜெனுவின் பார்ட்ஸ், ஹூண்டாய்க்கு மோபிஸ், இரண்டுமே கடைகளில் கிடைக்கின்றன. பார்ட்ஸ் அங்கே, வேலை நம்ம பட்டறையில்.

பிராண்டு ஆஃப்டர் மார்க்கெட் பற்றி நிறைய பேருக்கு ஒரு தயக்கம் இருக்கிறது, கம்பெனி டப்பா இல்லையென்றால் டூப்ளிகேட் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கார் கம்பெனி ஷாக் அப்சார்பரைத் தானே செய்வதில்லை, செய்கிறவரிடம் வாங்கித்தான் மாட்டுகிறது. கேப்ரியல் இந்தியா 1961 முதல் இந்த வேலையில் இருக்கிறது, நம்ம ஓசூரிலேயே அவர்களுக்குத் தொழிற்சாலை உண்டு, கார் கம்பெனிகளுக்குச் சப்ளை செய்கிறவர்கள் கடைக்கும் தங்கள் பெயரில் டப்பா போட்டு அனுப்புகிறார்கள். மன்ரோவும் கேஒய்பியும் ஷாக்கில் உலகம் முழுக்க ஓடுகிற பெயர்கள். பால் ஜாயின்ட், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட், ரேக் எண்ட் என்றால் சென்னை ரானே கம்பெனி, ஸ்டியரிங் சாமான்களில் பழைய கை. எம்ஆர்பி பெரும்பாலும் கம்பெனி டப்பாவைவிடக் குறைவு, அதற்கு மேல் கடைக்காரர் ஒரு தள்ளுபடியும் தருவார், அது சர்வீஸ் சென்டரில் நடக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கிவிட்டது, ஆகவே பழைய ஸ்டாக்கில் பழைய எம்ஆர்பியைக் காட்டி விலை சொன்னால் அதைக் கேட்டுப் பேசுங்கள். டப்பாவில் தயாரித்த மாசமும் வருஷமும் அச்சடித்திருக்கும், அதையும் பாருங்கள், புஷ்ஷும் மவுண்ட்டும் ரப்பர் சாமான், கடை அலமாரியிலேயே வருஷக்கணக்கில் காய்ந்தது வேண்டாம். பில் கேளுங்கள். பில் தர இழுக்கிற கடையில் அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பெயரில்லாத லோக்கல் பார்ட்ஸை மொத்தமாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஷாக் ராடை மூடும் டஸ்ட் கவர், ஷாக் முழுசாக அமுங்கும்போது இடி தாங்கும் பம்ப் ஸ்டாப், லிங்க் ராடு வரைக்கும் வாங்கலாம், சீக்கிரம் போனாலும் சத்தம்தான் வரும், ஆபத்து வராது. பால் ஜாயின்ட்டில் மட்டும் தயவுசெய்து நூறு இருநூறு மிச்சம் பிடிக்காதீர்கள். சக்கரத்தைக் கீழே பிடித்து வைத்திருப்பதே அந்த ஒரு குண்டுதான். அது கழன்றால் சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ மடங்கி, வண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிடும், ஸ்டியரிங் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. டை ராட் எண்டும் அதே கதைதான். தருமபுரியிலிருந்து சேலம் போகிறவர்கள் தொப்பூர் கணவாயில், முன்னாலும் பின்னாலும் லோடு லாரி இருக்க, இறக்கத்தில் இறங்குகிறீர்கள். அங்கே இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ரீகண்டிஷன் ஷாக் விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது, வேண்டாம். கார் ஷாக் அப்சார்பர் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யப்பட்டதே இல்லை, வாயை மடித்து மூடியிருப்பார்கள். அதை அறுத்து, சீல் மாற்றி, எண்ணெய் ஊற்றி, மறுபடி வெல்டு அடித்துத் தருகிறார்கள். உள்ளே இருக்கும் வால்வின் துளைகள் வழியாக எண்ணெய் திணறிப் போவதால்தான் ஆட்டம் அடங்குகிறது, அந்த வால்வு தேய்ந்தது தேய்ந்ததுதான். கேஸ் ஷாக்கில் நிரப்பிய நைட்ரஜனும் போயிருக்கும். ராடில் குரோம் உரிந்து புள்ளி விழுந்திருந்தால் புது சீலையும் சீக்கிரமே கிழித்துவிடும். இதைவிட முக்கியம், ஸ்ட்ரட்டை இறக்கி ஏற்றுகிற கூலி இரண்டு தடவை போகும். புதுசுக்கும் ரீகண்டிஷனுக்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டாவது கூலியிலேயே கரைந்துவிடும்.

காயலான் கடை கொஞ்சம் வேறு. பெங்களூரு நமக்குக் கைக்கெட்டும் தூரம், சென்னைப் புதுப்பேட்டையும் இருக்கிறது, சில சாமான்களுக்கு இது உண்மையிலேயே நல்ல வழி. நக்கிள், அடியில் குறுக்கே இருக்கும் கிராஸ் மெம்பர், ஸ்பிரிங் மாதிரி முழு இரும்புச் சாமான் பழையதாக வாங்கலாம். ஸ்பிரிங் வாங்கினால் ஜோடியாக, இரண்டையும் தரையில் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், துரு பிடித்துச் செதில் உரிந்தது வேண்டாம். லோயர் ஆர்ம் வாங்குவதற்கு யோசிக்க வேண்டும், காயலான் கடைக்கு வந்த வண்டி ஆக்ஸிடெண்டில் அடிபட்ட வண்டியாக இருக்கலாம், லேசாக வளைந்த ஆர்ம் கண்ணுக்குத் தெரியாது, சக்கரத்தின் கோணம் பார்க்கிற அலைன்மெண்ட் மெஷினில்தான் தெரியும். ரப்பர், எண்ணெய், குண்டு, இந்த மூன்றும் இருக்கிற எந்தச் சாமானையும் பழையதாக வாங்காதீர்கள்.

யாரும் அதிகம் பேசாத ஒரு வழி உண்டு, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. லோயர் ஆர்மில் பால் ஜாயின்ட் இறுக்கமாக இருந்து புஷ் மட்டும் போயிருந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றலாம். ஆர்மைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனால் பிரஸ்ஸில் வைத்துப் பழைய புஷ்ஷைத் தள்ளி எடுத்து, புதுசை நேராக இறக்கித் தருவார்கள். சுத்தியலால் அடித்து ஏற்றவிடாதீர்கள், ஓரம் நசுங்கினால் சீக்கிரம் கழன்றுவிடும். புது ஆர்ம் விலையில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். ஆனால் பல சின்ன கார்களில் பால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும், அதுவும் தேய்ந்திருந்தால் இந்தக் கணக்கு உதவாது, முழு ஆர்மே வாங்குங்கள்.

எந்தப் புஷ் போட்டாலும் ஒன்றை மெக்கானிக்கிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஆர்ம் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கும்போது சக்கரம் தரையில் இருந்து வண்டியின் பாரம் அதன்மேல் இருக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நாள் முழுக்க இருக்கும், நல்ல புஷ்ஷும் சில மாதத்தில் கிழியும், அப்புறம் பார்ட்ஸ் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் உழைக்கும் என்கிறார்கள், உழைக்கும்தான், ஆனால் கட்டி. அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்து உள்ரோடுகளில் ஒவ்வொரு கல்லும் உள்ளே கேட்கும். குடும்பத்தோடு போகிற வண்டிக்கு ரப்பரே போதும். ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவில் செருகுகிற ரப்பர் பஃபர் வாங்கவே வேண்டாம், ஒரு சுற்றைக் கட்டிப்போட்டு மற்ற சுற்றுகள் மேல் பாரத்தை ஏற்றுகிறது, தேய்ந்த ஷாக்கை அது சரி செய்வதில்லை. சீசனில் மாங்காய் கிரேடும் தக்காளிக் கிரேடும் ஏற்றிப் பின்பக்கம் இறங்கிப்போன ஆம்னி, பொலேரோ என்றால் அது வேறு வேலை, பின்னால் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் வளைந்த இரும்புப் பட்டைகளான கமான் பட்டை. பட்டையை இறக்கி வளைவு எடுத்து, தேய்ந்த புஷ்ஷும் பின்னும் மாற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும், உடைந்த பட்டை இருந்தால் மட்டும் அதைப் புதுசாக்குங்கள்.

பணத்தை ஒரேயடியாகப் போட முடியாதவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதல் மாசம் பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், ஆர்ம் புஷ், இவற்றில் எது ஆடினாலும் உடனே. அடுத்து முன் ஷாக் இரண்டும், கட்டாயம் ஜோடியாக, ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் பழசும் இருந்தால் பிரேக்கில் வண்டி கோணும். ஸ்ட்ரட்டை இறக்கும்போதே மவுண்ட்டும் பம்ப் ஸ்டாப்பும் டஸ்ட் கவரும் தேய்ந்திருந்தால் சேர்த்தே மாற்றுங்கள், இறக்குகிற கூலி ஒன்றுதான். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாத பட்டறையில் மட்டும் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், அழுத்தி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே அடித்துவிடும். பின் ஷாக் கடைசியில் போதும், பெரும்பாலான சின்ன கார்களில் அது ஸ்பிரிங்குக்குத் தனியாக நிற்கிறது, கழற்றி மாட்டுவது சுலபம், கூலியும் குறைவு. எல்லாம் முடிந்த அன்றைக்கே டயர் காற்றைச் சரிபார்த்து அலைன்மெண்ட் செய்யுங்கள், மெஷின் தருகிற பிரிண்டைக் கேட்டு வாங்கி, சமமான ரோட்டில் ஒரு நிமிஷம் ஓட்டி ஸ்டியரிங் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.