ஏற்காட்டுப் பனியா, புகை மெஷினா?

பேய்ப்பட டிரெய்லருக்கு ஏற்காட்டுப் பனி காசில்லாமல் கிடைக்கும். ஆனால் சொன்ன பேச்சு கேட்காது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வைடு ஷாட் எடுத்து, குளோசப்புக்கு லென்ஸ் மாற்றுவதற்குள் கலைந்துவிடும். இரண்டும் எடிட்டில் ஒட்டாது. ஏசி காரிலிருந்து இறக்கிய லென்ஸில் ஈரம் படியும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே வைத்துப் பழக்குங்கள்.

சேலத்தில் பூட்டிய அறையில் புகை மெஷின் என்றால் எத்தனை டேக்கும் போகலாம். ஃபேனை நிறுத்தி, சில நொடி அடித்தால் போதும். உடனே எடுத்தால் திட்டுத்திட்டாகத் தெரியும். அட்டையால் விசிறிப் பரப்புங்கள். விளக்கு நடிகருக்குப் பின்னால் இருக்கட்டும், முன்னால் வைத்தால் புகை வெள்ளைச் சுவராகத்தான் தெரியும். கேமராவின் ஷட்டர் வேகம் 1/50 நொடி; இல்லையேல் டியூப்லைட் மினுக்கும்.

மலையில் நாலு வைடு ஷாட், மிச்சம் அறையில்: எங்கள் கட்சி இதுதான். போஸ்டருக்கு மட்டும் மலையேதான். மேல்பாதி வெறும் பனி, தலைப்புக்கு இடம் தானாக அமையும். அதை ஸ்டில்லாகவே எடுங்கள், வீடியோவிலிருந்து பிடுங்கிய ஃபிரேம் பெரிய அச்சில் மங்கும்.