இரைப்பை பைபாஸுக்குப் பிறகு ஒற்றைத் தலைவலி: நான்கு வருஷ அனுபவம்

ஒற்றைத் தலைவலி எனக்கு 19 வயதில் தொடங்கியது. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டது 41 வயதில். இடையில் இருந்த 22 வருஷமும் என் கைப்பையில் எது இருந்ததோ இல்லையோ, ஐபுபுரூஃபன் அட்டை ஒன்று கட்டாயம் இருக்கும். வலது நெற்றிப்பொட்டில் விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்ததும் ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர், இருட்டறை. இரண்டு மணி நேரத்தில் எழுந்து வேலையைப் பார்ப்பேன்.

இரைப்பை பைபாஸ் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் ஒரு வரி இருந்தது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளை இனி எடுக்கக் கூடாது என்று. தையல் வலியில் அதைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. அது ஆயுள் முழுக்கக் கடைப்பிடிக்க வேண்டியது என்பது ஐந்தாம் மாதம்தான் உறைத்தது.

அன்று ராத்திரி வலி உச்சத்தில் இருந்தது. வெளிச்சம் பட்டாலே கண் கூசியது, குமட்டல் வேறு. அலமாரி இழுப்பறையைத் துழாவியதில் பழைய அட்டை கையில் மாட்டியது. மூன்று மாத்திரை மிச்சம். ஒன்றை உடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு தடவைதானே, என்ன ஆகிவிடும் என்றுதான் மனசு சொன்னது. துணைக்கு வந்திருந்த அக்கா பார்த்துவிட்டாள். "குடு இங்க. விடிஞ்சதும் டாக்டரைக் கேட்போம், அதுவரைக்கும் நான் முழிச்சிருக்கேன்" என்று வாங்கிக்கொண்டு, விடியும்வரை ஈரத்துணியை மாற்றி மாற்றி நெற்றியில் போட்டாள். அந்த ராத்திரியை என்னால் மறக்க முடியாது.

காரணம் தெரிந்தபின் எனக்கு அந்த மாத்திரை மீது ஆசையே போய்விட்டது. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியை ஒரு சின்னப் பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கிறார்கள். அமிலத்தைத் தாங்கிப் பழகாத குடல் அது. இந்த வகை வலி மாத்திரைகள் உள்சுவரைக் காக்கும் சுரப்பைக் குறைத்துவிடுவதால், அந்த இணைப்பில் புண் வரலாம். ரத்தம் கசியலாம், ஓட்டைகூட விழலாம். ஸ்லீவ், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய் போல ஆக்கும் அறுவை, செய்துகொண்டவர்களுக்கு இந்தக் குடல் இணைப்பு கிடையாது. அவர்களுக்குக் கெடுபிடி கொஞ்சம் குறைவு, ஆனாலும் கேட்காமல் எடுக்கக் கூடாது.

மாத்திரையாக விழுங்கினால்தான் ஆபத்து என்று நினைத்திருந்தேன். அதுவும் தப்பு. ஊசியாகப் போட்டாலும் மருந்து ரத்தம் வழியாகப் போய் அதே வேலையைத்தான் செய்யும். இரண்டாம் வருஷம் ஓர் அவசரப் பிரிவில், நான் வலியில் சுருண்டு கிடந்தபோது ஊசியோடு வந்தார்கள். என்ன ஊசி என்று கேட்டேன். டைக்ளோஃபெனாக். பைபாஸ் ஆனவள் என்று வாசலிலேயே சொல்லியிருந்தேன், யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன்: அறுவை சிகிச்சையின் பெயர், தேதி, எனக்குத் தரக் கூடாத மருந்துகள். பேச முடியாத நிலையில் போனாலும் அது பேசும். தலைவலிக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகளிலும் ஆஸ்பிரின் ஒளிந்திருக்கலாம், மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டே வாங்குகிறேன்.

சரி, எடை குறைந்ததில் தலைவலி குறைந்ததா? குறைந்தது, ஆனால் உடனே இல்லை. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒற்றைத் தலைவலி இருந்த 24 பேரை அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு மாதம் கவனித்தார்கள். 90 நாளில் சராசரியாக 11 நாள் இருந்த தலைவலி ஏறக்குறைய 7 நாளாக இறங்கியது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் எனக்கு அது பெரிய நம்பிக்கையாக இருந்தது. என் கணக்கில், முன்பு மாதம் ஏழெட்டு தடவை வந்தது. முதல் ஆறு மாதம் அது பத்தைத் தாண்டியது. அப்போது நான் அழாத வாரம் கிடையாது.

ஏன் அப்படி ஏறியது என்பது டைரி எழுத ஆரம்பித்த பிறகு புரிந்தது. முதல் காரணம் தண்ணீர். முன்பெல்லாம் ஒரு சொம்பை அப்படியே கவிழ்ப்பேன். இப்போது நான்கு மடக்குக்கு மேல் போனால் நெஞ்சு அடைக்கிறது. சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். இப்படி நேரம் கழிந்து கழிந்து, பல நாள் 700 மில்லியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன். அந்த நாட்களில் சாயங்காலம் தலைவலி நிச்சயம். இப்போது அளவுக் கோடு போட்ட புட்டியில் கால் மணிக்கு இரண்டு வாய் என்று ஒன்றரை லிட்டருக்கு மேல் வந்துவிடுகிறேன். நான் செய்த மாற்றங்களில் அதிகப் பலன் கொடுத்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், மருந்துகளுக்கும் முன்னால். காபியை அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் சட்டென்று நிறுத்தியதும் ஒரு தப்பு. முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருந்தால் முதல் வாரத்துத் தலைவலியில் பாதி வந்திருக்காது.

பசி தெரியாமல் போவது இன்னொன்று. நேரம் பார்த்துச் சாப்பிடாவிட்டால் சாப்பிட மறந்தே போகும், தலை ஞாபகப்படுத்தும்.

இரண்டாம் வருஷம் வேறு மாதிரித் தலைவலி வர ஆரம்பித்தது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், அப்புறம் தலை கனப்பது. பழக்கதோஷத்தில் அதையும் ஒற்றைத் தலைவலி என்றே நினைத்து மாத்திரை போட்டேன். ஒருநாள் சர்க்கரை பார்க்கும் கருவியில் விரலைக் குத்திப் பார்த்தால் 51. இது தாமதமாக வரும் டம்பிங். இனிப்பும் மாவும் குடலுக்குள் வேகமாக இறங்கி, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். அதற்கு மருந்து தட்டில்தான் இருந்தது: முதலில் புரதம், மாவுச்சத்து குறைவாக, சிறு சிறு வேளையாக. பாதி தலைவலி அதோடு போய்விட்டது.

வலி வரும் நேரத்துக்கு இப்போது என் முதல் மருந்து சுமட்ரிப்டான் மூக்கு ஸ்பிரே. மாத்திரையாகவும் எடுத்துப் பார்த்தேன். வாந்தி வரும் நாளில் அது உள்ளே தங்கவில்லை. ஸ்பிரே எனக்கு அரை மணிக்குள் கேட்கிறது, தொண்டையில் இறங்கும் கசப்புதான் குறை. மிக மோசமான நாளுக்குத் தோலுக்கடியில் போடும் 6 மில்லிகிராம் ஊசி இருக்கிறது. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவைதான் தேவைப்படுகிறது. இதய நோயோ பக்கவாதமோ இருந்தவர்களுக்கும், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இந்த வகை மருந்து ஆகாது. எனக்கு எழுதும் முன்பும் ஈசிஜி பார்த்தார்கள்.

பாராசிட்டமால் எடுக்கலாம் என்று சொன்னதும் அதைப் பிடித்துக்கொண்டேன். தினமும், சில நாள் இரண்டு வேளை. மூன்று நான்கு மாதத்தில் காலையில் எழும்போதே மந்தமான மண்டையிடி. மருந்தே தலைவலியைக் கொண்டுவரும் நிலை அது. சாதாரண வலி மாத்திரை என்றால் மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, சுமட்ரிப்டான் போன்ற ட்ரிப்டான் வகை என்றால் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் இதில் மாட்டுவோம். நரம்பியல் மருத்துவர் சொல்லி நிறுத்தியபோது முதல் பத்து நாள் நரகம், மூன்றாவது வாரம் தெளிந்தது. அப்போதிருந்து காலண்டரில் மருந்து எடுத்த நாளுக்கு ஒரு புள்ளி வைக்கிறேன். எட்டுப் புள்ளி வந்தால் அந்த மாதம் உஷார்.

தடுப்பு மருந்துகளில் எனக்கு மூன்று அனுபவம். முதலில் புரோப்ரனலால். தலைவலி குறைந்தது, ஆனால் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிட்டது. வியர்வையை மட்டும் நம்பிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எடை இறங்கி ரத்த அழுத்தமும் இறங்கியிருந்ததால் எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. விட்டுவிட்டோம். அடுத்து டோபிரமேட். எடை ஏறாது என்பதால் ஆசையாக ஆரம்பித்தேன். விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருக்கும், பேசும்போது சொல் கிடைக்காமல் நிற்பேன். பைபாஸ் ஆனவர்களுக்கு ஏற்கெனவே சிறுநீரகக் கல் வர வாய்ப்பு அதிகம், இந்த மருந்தும் கல்லைக் கொண்டுவரும். ஏழாம் மாதம் ஸ்கேனில் சிறு கல் தெரிந்ததும் நிறுத்தினோம். அமிட்ரிப்டிலின், வால்ப்ரோயேட் இரண்டும் எடையை ஏற்றும் என்பதால் எனக்கு எழுதவே இல்லை.

கடந்த 14 மாதமாக மாதம் ஒரு எரெனுமாப் ஊசி. 2018-இல் அனுமதி பெற்ற மருந்து. ஒற்றைத் தலைவலியில் பங்குள்ள சி.ஜி.ஆர்.பி. என்ற புரதம் போய் ஒட்டும் இடத்தை அடைக்கிறது. தோலுக்கடியில் போவதால் குடல் எவ்வளவு உறிஞ்சும் என்ற கவலையே இல்லை. மலச்சிக்கல் உண்டு, விலையும் அதிகம். ஆனால் மாதம் மூன்றுக்கு மேல் போகவில்லை.

சில தலைவலிகளை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. வாந்தி நாள் கணக்கில் நீடித்தால், அது ஒற்றைத் தலைவலி வாந்திதான் என்று நம்மைப் போன்றவர்கள் காத்திருக்கவே கூடாது. உடம்பில் தயமின் (வைட்டமின் பி1) தீர்ந்துபோய் குழப்பம், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம் என்று மூளையைப் பாதிக்கும். உடனே ஊசியாகக் கொடுத்தாக வேண்டும். எழுந்தால் வலித்து, படுத்தால் சட்டென்று குறையும் தலைவலி வேறு வகை: மூளைத் தண்டுவட நீர் கசிவதால் வரலாம், எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் இப்படி வந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. மலம் கறுப்பாகப் போனால், இணைப்புப் புண்ணில் ரத்தம் கசியலாம் என்பதால், அன்றே மருத்துவமனை. அதேபோல இரும்பு, பி12 அளவுகளையும் கவனிக்க வேண்டும். எனக்கு மூன்றாம் வருஷம் ஹீமோகுளோபின் 9-க்கு இறங்கி, தினம் தலை பாரமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்தது.

அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டு இதைப் படிப்பவர்கள் இருப்பீர்கள். உங்கள் அறுவை மருத்துவரையும் தலைவலி மருத்துவரையும் முன்பே ஒருவரோடொருவர் பேச வையுங்கள், முடியாவிட்டால் கடிதமாவது வாங்கிக்கொடுங்கள். ஐபுபுரூஃபனுக்குப் பதில் எது என்பது எழுத்தில் உங்கள் கையில் இருக்கட்டும், அந்த மருந்தை ஒரு தடவை முன்பே எடுத்துப் பார்த்தும் விடுங்கள். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த மாதம் காலண்டரில் இதுவரை இரண்டு புள்ளி. அடுத்த ஊசி 23-ஆம் தேதி.