பெயர் இல்லாத டப்பாவில் ‘மெடிக்கல் கிரேடு’ கிரீம் கொடுத்தால் வாங்காதீர்கள்

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்குக் கன்னத்தில் மங்கு விழுந்தது. அதற்காகக் கோவையில் ஒரு ‘ஸ்கின் கிளினிக்’குக்குப் போனேன். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, “கடையில கிடைக்கிற கிரீம் மாதிரி இல்லைங்க, இது மெடிக்கல் கிரேடு” என்று ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார். விலை 1,800 ரூபாய். மூடியில் மார்க்கரால் ‘நைட்’ என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். கம்பெனி பெயர், என்னென்ன கலந்திருக்கிறது, பேட்ச் எண், காலாவதித் தேதி எதுவுமே இல்லை. கேட்டதற்கு, “மொத்தமா வாங்கி நாங்களே பேக் பண்றோம்” என்றார்.

முகம் வெளுத்தது உண்மை. பக்கத்து வீட்டு அக்காவே என்ன போடுகிறாய் என்று கேட்டார். ஊருக்குப் போன இடத்தில் சில நாள் போடாமல் விட்டதும் வினை ஆரம்பித்தது. கன்னம் முழுக்கச் சிவந்து, மிளகாய் அரைத்த கையால் தொட்ட மாதிரி எரிச்சல். தாடையில் பொடிப்பொடியாகப் பரு, மேலுதட்டில் பூனை முடி. போன் செய்தால், “உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருது மேடம், நிறுத்தாம போடுங்க” என்றார்கள். போட்டால் அடங்கியது. இதில் மோசமே அதுதான்: அடங்குவதால் அவர்கள் சொன்னது சரி என்றே தோன்றும், அடுத்த டப்பாவும் விற்றுவிடும்.

தோல் மருத்துவர் முகத்தைப் பார்த்ததுமே ஸ்டீராய்டாக இருக்கும் என்றார். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த கிரீம் மங்குக்கு உண்மையிலேயே மருந்துதான். ஆனால் டாக்டர் பார்வையில், சில வாரம் மட்டும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து ரத்த நாளம் தெரிய ஆரம்பிக்கும், நிறுத்தினால் எரியும். என் டப்பாவில் இருந்தது இன்னதுதான் என்று ஆய்வகம்தான் சொல்ல வேண்டும், ஆனால் அறிகுறிகள் அப்படியே பொருந்தின. இப்படி ஊரெல்லாம் ஸ்டீராய்டு பூசியதால்தான் 2018இல் மத்திய அரசு இந்த வகைப் பூச்சு மருந்துகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது.

திரும்பப் போய், இது மருந்தென்றால் சீட்டு எழுதிய டாக்டர் யார் என்று கேட்டேன். “ஐயோ, மருந்தெல்லாம் இல்லை மேடம், வெறும் காஸ்மெட்டிக்” என்றார்கள். சரி, காஸ்மெட்டிக் என்றால் லேபிள் எங்கே? பதில் இல்லை. பில்லிலும் ‘ஸ்கின் சர்வீஸ்’ என்றுதான் போட்டிருந்தார்கள், கிரீம் என்ற பேச்சே இல்லை. விற்கும்போது மருந்து, மாட்டிக்கொண்டால் அழகுசாதனம்! 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தில் இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை கிடையாது. எதுவாக இருந்தாலும் தயாரிப்பாளர் பெயரும் உரிம எண்ணும் டப்பாவில் இருந்தாக வேண்டும்.

எனக்கு எரிச்சலோடு போயிற்று. 2023இல் கேரளத்தின் மலப்புறத்தில் பாதரசம் கலந்த வெளுப்பு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது. பாதரசம் இருக்கிறதா என்று மோந்து பார்த்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது.

ஏற்கெனவே இப்படி ஒரு டப்பா பூசிக்கொண்டிருந்தால் திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள்; டப்பாவோடு உடனே தோல் மருத்துவரிடம் போங்கள், எப்படி விடுவது என்று அவர் சொல்வார். கர்ப்பமாக இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், ட்ரெட்டினாயின் அப்போது ஆகாது. மிச்சக் கிரீமை எறிய வேண்டாம், புகாருக்கு அதுதான் ஆதாரம். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளர் மாவட்டத்திலேயே இருப்பார். பணம் சம்பந்தமாக 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். என் டப்பாவையும் அந்த ‘சர்வீஸ்’ பில்லையும் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறேன், கிளினிக் இன்னும் திறந்துதான் இருக்கிறது.